விருந்தாளியின் மௌனம்

முஸ்லிம் ஊருக்கு ஒரு கிறித்தவர் மசூதி கட்டிக் கொடுத்தால் பாராட்டுவோம். மதரசாவும் கட்டினால்? பெண் கல்விக்கு இடம் சுருங்கிய நாடு அது என்றால்?

ஜப்பானிய மருத்துவர் டெட்சு நகாமுரா ஆப்கானிஸ்தானில் இரண்டையும் கட்டினார். 1984இல் தொழுநோய் மருத்துவத்துக்காகப் பாகிஸ்தானின் பெஷாவர் போனவர் அவர். 2000இல் ஆப்கானிஸ்தானில் கடும் வறட்சி. கெட்ட நீரைக் குடித்துக் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தபோது மருந்தைவிட நீரே முதல் தேவை என்று கண்டு, கிணறு வெட்ட இறங்கினார். 2003இல் குனார் ஆற்றிலிருந்து கால்வாய் தொடங்கியது. தன் ஊரான ஃபுகுவோகாவில், 18ஆம் நூற்றாண்டில் விவசாயிகள் கட்டிய யமடா அணையைப் பார்த்துப் படித்துக்கொண்ட வித்தை. கம்பி வலைக்கூடைகளில் கல்லை நிரப்பிக் கரை கட்டி, வேர் பிடிக்க வில்லோ மரம் நட்டார்கள். இடிந்தால் ஊர்க்காரர்களே சரிசெய்துகொள்ளலாம். பண்பாட்டுப் பரிமாற்றம் என்று மேடைகளில் பேசப்படுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மதரசாவுக்குத் திரும்புவோம். அனாதைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கவும், ஊர் கூடி வழக்குத் தீர்க்கவும் இடம் வேண்டும் என்பது நியாயமான தேவைதான். ஆனால் வந்தவரோடு உட்கார்ந்து ஊர் சார்பில் பேசியவர்கள் ஆண்கள். ஊரின் வழக்கத்தை மதிக்கிறேன் என்று விருந்தாளி சொல்லும்போது, ஊருக்குள் யாருடைய சொல் எடுபடுகிறதோ அவர்களைத்தான் மதிக்கிறார். இந்த ஆட்சேபத்துக்கு முழுப் பதில் கிடையாது. கால்வாய் வந்ததால் பெண்கள் நீர் சுமக்கும் தூரம் குறைந்திருக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு அது ஈடாகாது.

என்றாலும் அவர் எங்கே வாய் திறந்தார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ஆப்கன் பெண்களின் விடுதலையும் அமெரிக்கக் குண்டுவீச்சுக்கு ஒரு நியாயமாகச் சொல்லப்பட்ட காலம் அது. 2001 அக்டோபரில் ஜப்பானிய நாடாளுமன்றத்தில், அந்தப் போருக்கு உதவத் தற்காப்புப் படையை அனுப்புவதால் தீங்குதான் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்நியர் ஊரில் உபதேசிக்காதவர் சொந்த நாட்டில் அடங்கிப் போகவில்லை. கோழையின் மௌனம் இப்படி இராது.

2019 டிசம்பர் 4 அன்று ஜலாலாபாதில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உடனிருந்த ஐந்து ஆப்கானியரும் மாண்டனர். இன்று அந்நாட்டுப் பெண்பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளி இல்லை. கால்வாய்ப் பாசனத்தில் வளர்ந்த ஒரு பெண், ‘அவர் எங்களுக்காகவும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்’ என்று குறைப்பட்டால், தொலைவில் இருந்து அவரை வியக்கும் நாம் மறுத்துப் பேச முடியாது.