வேகமும் எண்ணும்

ஒரு பொருளை நுகரும் உரிமை அதன் விலையைக் கொடுக்கும் ஆற்றலோடு முடிந்துவிடுகிறதா, அல்லது அந்த நுகர்ச்சியின் செலவு யார் யார் தலையில் இறங்குகிறது என்பதை அறிந்திருக்கும் கடமையும் அதனுடன் சேர்ந்தே வருகிறதா என்னும் வினா அறநூல்களுக்குப் பழையது. ‘கூபே’ எனப்படும் சொகுசுக் கார், அதாவது இரண்டு கதவும் பின்னோக்கிச் சரியும் கூரையும் வலிய எஞ்சினும் கொண்டு, குடும்பத்தின் பயணத் தேவையைவிட ஓட்டுபவரின் இன்பத்தையே முதன்மையாகக் கருதிச் செய்யப்படும் வண்டி, இந்த வினாவை நம் காலத்தில் மிகக் கூர்மையாக எழுப்புகிறது.

லெக்சஸ் நிறுவனம் 2020 ஜனவரியில் இந்தியாவில் அறிமுகப்படுத்திய எல்.சி. 500எச் என்னும் கூபேயின் அப்போதைய ஷோரூம் விலை 1.96 கோடி ரூபாய். அது பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் ஹைபிரிட் வகை. அதன் உடன்பிறப்பான எல்.சி. 500, பெட்ரோலை மட்டும் நம்பும் 5 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின் உடையது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018ஆம் ஆண்டு வண்டிகளுக்குத் தந்த மதிப்பீட்டை நம் அளவைக்கு மாற்றினால், எட்டு சிலிண்டர் வண்டி நகரத்துக்குள் லிட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டரும் நெடுஞ்சாலையில் 11 கிலோமீட்டரும் ஓடும். ஹைபிரிட் இரண்டும் கலந்த ஓட்டத்தில் 13 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும் என்பதால், நகரச் சாலையில் 100 கிலோமீட்டர் ஓடும் எட்டு சிலிண்டர் கூபே ஏறத்தாழ 34 கிலோ வாயுவைக் காற்றில் விட்டுச் செல்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 120க்கு ஏறும்போது அந்த எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகி, எரிபொருள் செலவை இன்னும் கூட்டுகிறது. அகன்ற டயர்களின் தேய்மானமும் காப்பீடும் உதிரிப் பாகங்களும் தனி. ஒன்றரைக் கோடி, இரண்டு கோடி கொடுத்து வாங்கியவருக்கு மைலேஜ் ஒரு பொருட்டா என்று கேட்பது வழக்கம். அந்தக் கேள்வியில்தான் பிழை தங்கியிருக்கிறது.

அந்தப் பிழையைக் காணச் சைவ சித்தாந்தம் உதவும். அது இன்ப நுகர்ச்சியைப் பாவம் என்று தள்ளுவதில்லை. தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கும், அதாவது உடலும் கருவிகளும் உலகமும் நுகர்பொருளும், உயிர் தன் வினையைக் கழித்துப் பக்குவம் அடைவதற்காக மாயையிலிருந்து இறைவனால் தரப்பட்டவை என்பது அதன் கொள்கை. ஆனால் வினையை அது மூன்றாகப் பகுக்கிறது: முன்பே ஈட்டிக் குவிந்து கிடப்பது சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவிக்கு நுகர்ச்சியாக வந்து சேர்வது பிராரத்தம், அதை நுகரும்போதே ‘யான், எனது’ என்னும் பற்றினால் புதிதாக ஏறிக்கொள்வது ஆகாமியம். வண்டி ஒருவருக்கு வாய்த்தது பிராரத்தம் என்று கொண்டாலும், அதை அவர் எப்படி ஓட்டுகிறார் என்பது ஆகாமியத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. கொள்முதல் விலையை ஒரு நாளில் தீர்த்துவிடலாம். ஓட்டச் செலவு ஒவ்வொரு முடுக்கத்திலும் புதிதாகப் பிறக்கிறது. உடலின் அழகையே வேண்டாமென்று உதறிப் பேய் வடிவம் கேட்டுப் பெற்ற காரைக்காலம்மையாரின் வழி இந்தச் சிக்கலை வேரோடு அறுக்கிறது என்பது உண்மை. எனினும் அது துறவின் விடை, இல்லறத்தாருக்கு வேறொரு விடை தேவைப்படுகிறது.

அந்த விடையைத் தேடத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. காரைக்காலை அடுத்த திருநள்ளாறு நளன் கதையோடு பிணைந்த தலம். சனியின் பிடியிலிருந்து அவன் விடுபட்ட இடம் என்று தலபுராணம் கூற, மகாபாரத வனபருவமும் புகழேந்தியின் நளவெண்பாவும் அவனைப் பற்றியவன் கலி என்கின்றன. சூதாட்டத்தில் நாடிழந்து உருமாறிய நளன், வாகுகன் என்னும் பெயரில் அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக இருந்தான். நளனின் மனைவி தமயந்தியின் இரண்டாம் சுயம்வரச் செய்தி கேட்டு, ஒரே நாளில் விதர்ப்ப நாடு சேர வேண்டுமென மன்னன் விரைகிறான். வழியில் அவனுடைய மேலாடை நழுவி விழ, எடுத்துவரத் தேரை நிறுத்தச் சொல்கிறான். அது ஒரு யோசனைத் தொலைவு பின்னே போய்விட்டது என்கிறான் தேரோட்டி. வேகத்தின் பெருமிதத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய காட்சி அரிது. அதற்கு மறுமொழி போல, எதிர்ப்பட்ட தான்றி மரத்தின் இரு கிளைகளில் 2095 காய்கள் உள்ளன என்று மன்னன் சொல்கிறான். நளன் தேரை நிறுத்திவிடுகிறான். நேரமில்லை என்று மன்னன் கெஞ்சியும் கேளாமல், மரத்தை வெட்டி எண்ணிப் பார்த்துச் சரிகண்ட பிறகு, தன் குதிரை நூலைக் கொடுத்து அவனுடைய எண்ணூலைப் பெற்றுக்கொள்ளும் உடன்பாட்டுக்கு வருகிறான். எண்ணறிவு உள்ளே புகுந்த அக்கணமே கலி அவனை விட்டு வெளியேறுகிறான்.

இந்நிகழ்ச்சியைச் சூதாட்டத்தில் வெல்வதற்கான சூழ்ச்சியாக மட்டும் படிப்பது அதன் ஆழத்தைக் குறைப்பதாகும். வேகத்தில் நிகரற்றவனைக் கலி பற்றியிருந்தான். வேகம் அவனை மீட்கவில்லை. எண்ணத் தெரிந்ததும் மீண்டான். எண்ணிய பின்னும் அவன் தேரை விட்டு இறங்கிவிடவில்லை என்பது அதைவிடக் கவனிக்கத் தக்கது. அதே குதிரைகளைச் செலுத்தி அன்று மாலையே விதர்ப்பத் தலைநகரான குண்டினபுரம் சேர்ந்தான். அக்கதையில் கணக்கு இன்பத்துக்குப் பகையாக வரவில்லை. கலிக்கே பகையாக வருகிறது.

எண்ண மறுக்கும் மனம் தன் செலவைப் பிறர்மேல் தள்ளவும் தயங்குவதில்லை. கேரளத்தில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு விலையில் 20 விழுக்காடு வரி இருந்த நிலையில், அங்கேயே ஓடும் சொகுசு வண்டிகள் பல, வரி குறைந்த புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் முகவரியில் பதிவாகியிருப்பதாக 2017இல் பெரும் சர்ச்சை எழுந்தது. வரி என்பது சாலைக்கும் பொது வாழ்வுக்கும் வண்டி செலுத்தும் பங்கு. அதைக் கொடுக்க முடியாத வறுமை அந்த வண்டிகளை வாங்கியவர் எவருக்கும் இல்லை.

செலவை எண்ணியே தீர வேண்டிய தொழிலும் அதே ஒன்றியப் பகுதியில் உண்டு. அதன் காரைக்கால் கரையில் உள்ள மீனவ ஊர்களுள் ஒன்று கருக்களாச்சேரி. அவ்வூர் அமைந்த சோழமண்டலக் கரையின் விசைப்படகுத் தொழிலில் டீசலே மிகப் பெரிய செலவு. பிடித்துவந்த மீனை ஏலத்தில் விற்றதும், டீசல், ஐஸ், சாப்பாடு ஆகியவற்றின் செலவை முதலில் கழித்து, எஞ்சியதையே படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிப்பது தொழில் வழக்கம். எரிந்த எண்ணெயின் கணக்கு தீராமல் எவர் கையிலும் ஊதியம் ஏறுவதில்லை. மீன்பாடு சரியில்லாத நாளில் அந்தக் கழிவு முழுப் பங்கையும் விழுங்கிவிடுவதும் உண்டு. எரிபொருளின் சுமை படகில் சென்ற ஒவ்வொருவருடைய பங்கிலும் தெரிகிறது, ஆகவே எவரும் அதை மறக்க முடிவதில்லை.

கூபேயின் கணக்கில் இத்தகைய பங்கு முறை இல்லை. பெட்ரோல் நிலையத்தில் கொடுக்கும் பணம் எண்ணெய்க்கும் வரிக்கும் உரியது. வெளியேறிய வாயுவின் விளைவை, அதாவது சூடேறும் கடலையும் உயரும் நீர்மட்டத்தையும், தாழ்ந்த கரையில் வாழ்பவர்கள் ஏலமும் கழிவும் இல்லாமலே ஏற்கிறார்கள். ஒரு தனி வண்டியின் பங்கு இதில் சிறிது என்பது சரியே. ஆனால் சிறியது என்று சொல்வதற்கும் முதலில் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஹைபிரிட் வண்டி அந்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துத் தருகிறது, அது மதிக்கத் தக்க முன்னேற்றம். மீதியை எண்ணும் பொறுப்பு ஓட்டுபவரிடமே இருக்கிறது.