நான்தான் சாப்பிட்டேன்



போன மாதம் வாலிபர் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு தம்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "அண்ணே, குடி பாவம், சரி. பரோட்டா பாவமா? எனக்கு ஒத்துக்காதுன்னு தெரிஞ்சே சாப்பிடறேன். அது கணக்குல வருமா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அது என் சொந்தக் கதை. அதை வெட்கத்தோடு உங்கள் முன் வைக்கிறேன்.

நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். பி ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி பஸ் என்னைத் தண்டலம் ஸ்டாப்பில் இறக்கிவிடும்போது இரவு பதினொன்றரை ஆகிவிடும். ரோடெல்லாம் லாரி ஓடும். ஆனால் அந்தச் சத்தத்தையும் மீறி என் காதில் விழுவது பரோட்டாக் கடையின் கல் சத்தம். மூன்று பரோட்டா, மேலே மிதக்க மிதக்க சால்னா, ஒரு டபுள் ஆம்லெட். நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய், கை கால் கழுவி, உடனே படுத்துவிடுவேன். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு எரியும். புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் வரும். எழுந்து உட்கார்ந்துகொள்வேன். என்னோடு என் மனைவியும் எழுந்து உட்காருவாள்.

"என்னங்க சாப்டீங்க?" என்பாள்.

"கேன்டீன்ல சாப்பிட்டதுதான். நீ மத்தியானம் வச்ச குழம்புலதான் காரம் ஜாஸ்தி."

இந்த ஒரு வரியை நான் எத்தனை தரம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவள் அதை நம்பினாள். மிளகாய்த்தூளைக் குறைத்தாள். புளியைக் குறைத்தாள். கருவாட்டுக் குழம்பையே நிறுத்திவிட்டாள். பிள்ளைகள் இரண்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு உப்புச் சப்பில்லாமல் சாப்பிட்டார்கள். "அப்பாவுக்கு வயிறு சரியில்லை, பேசாம சாப்பிடுங்க" என்று அவர்களை அதட்டுவாள். ஆறு மாதம் இப்படியே போயிற்று. சனிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் என் பெயருக்காக ஜெப விண்ணப்பமும் கொடுத்தாள். சபையார் என் தலைமேல் கை வைத்துக் கண்ணீரோடு ஜெபித்தார்கள். நானும் கண்ணீர் விட்டேன். ஆனால் வலியை எடுத்துப்போடும் என்றுதான் கேட்டேனே தவிர, அந்தப் பரோட்டாவை எடுத்துப்போடும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

ஒரு ராத்திரி நெஞ்சு அடைத்துக்கொண்டது. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. மாரடைப்பு என்றே நினைத்தோம். பக்கத்து வீட்டுச் சகோதரியிடம் கைமாற்று வாங்கி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இருதயத்தில் ஒன்றும் இல்லை. காலையில் பில் கட்ட அவளுடைய கம்மல் அடகுக் கடைக்குப் போனது. அதற்குப் பிறகு டாக்டர் வந்து, "ராத்திரி எத்தனை மணிக்கு, என்ன சாப்பிடுவீங்க?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன், கம்மல் இல்லாத காதோடு நின்ற என் மனைவி சொன்னாள்: "நான்தான் சார் காரமா சமைச்சுப் போட்டுட்டேன்."

பிரியமானவர்களே, அந்த வார்த்தை வலியைவிட அதிகமாய் என்னைக் குத்தியது. "இல்ல சார். நான்தான் சாப்பிட்டேன். தினமும் ராத்திரி பரோட்டா" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

வயிற்றில் நடப்பது என்ன?

டாக்டர் எனக்கு விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். உணவுக்குழாய் இரைப்பையில் சேருகிற இடத்தில் ஒரு வால்வு போன்ற தசை இருக்கிறது. சாப்பாடு இறங்கியதும் அது மூடிக்கொள்ள வேண்டும். எண்ணெயும் கொழுப்பும் அதிகமான உணவு அந்தத் தசையைத் தளர்த்திவிடும். இரைப்பை காலியாவதற்கும் நேரமாகும். வயிறு நிறைந்த உடனே படுத்தால் அமிலம் சுலபமாக மேலே ஏறும். இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்குகிற உட்பூச்சு உண்டு. உணவுக்குழாய்க்கு அது கிடையாது, அதனால் எரிகிறது. நான் செய்ததைப் பாருங்கள்: எண்ணெய்ப் பரோட்டா, தேங்காய் அரைத்த சால்னா, நடு ராத்திரி, உடனே படுக்கை. எல்லாமே அந்த அமிலத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிற வேலை.

ஆனால் இங்கே ஒரு காரியத்தை நிதானிக்க வேண்டும். வயிற்று வலி என்று வருகிற எல்லாரையும் பார்த்து, "நாக்கை அடக்கு" என்று சொல்லிவிடக்கூடாது. வெகுகாலம் குடல்புண் என்றாலே காரம் தின்றதாலும் கவலைப்பட்டதாலும் வந்தது என்றார்கள். ஆஸ்திரேலியாவில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள், பெரும்பாலும் அதற்குக் காரணம் ஒரு கிருமி என்றார்கள். உலகம் லேசில் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிற்று அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதுவரைக்கும் எத்தனை நோயாளிகள் செய்யாத குற்றத்தைச் சுமந்தார்களோ!

நம் பக்கத்திலேயே நடந்ததும் உண்டு. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் செல்போன் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த பெண் பிள்ளைகள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்றார்கள். 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மற்றவர்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். அந்தப் பிள்ளைகளிடம் போய் இச்சையடக்கத்தைப் பிரசங்கிப்பது அநியாயம். அது அவர்கள் தேர்ந்தெடுத்த சாப்பாடு அல்ல. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு வந்தது. பவுல் அவனை விசுவாசக் குறைவு என்று கடிந்துகொள்ளவில்லை, வைத்தியம்தான் சொன்னார்.

ஆகவே, தம்பி கேட்ட கேள்விக்கு முதல் பதில்: பரோட்டா பாவமல்ல. வயிறு பலவீனமாயிருப்பதும் பாவமல்ல.

உபவாசம் முடியும், ஒரு கரண்டி முடியாது!

எனக்கு வெகுநாள் புரியாத ஒரு விஷயம் உண்டு. மூன்று நாள் உபவாசம் என்னால் இருக்க முடியும். ஆனால் அந்தக் கடையைத் தாண்டிப் போக முடியவில்லை. ஏன்?

உபவாசத்தில் கோடு தெளிவாய் இருக்கிறது. ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை. சுற்றிலும் பத்துப் பேர் கூட இருக்கிறார்கள். முடிகிற நாளும் தெரியும். பாதியை உண்டு பாதியை விடுவதிலோ கோடு தினமும் அழிந்துபோகிறது. "இன்னைக்கு ஒண்ணு மட்டும்" என்கிறோம். "சால்னா இல்லாம சாப்பிடலாம்" என்கிறோம். முடிகிற நாளும் இல்லை, சாட்சி சொல்லக் கூட்டமும் இல்லை. 1600 வருஷத்துக்கு முன்னே அகஸ்டின் பக்தர் தம் அறிக்கைகளில் இதே கஷ்டத்தை எழுதியிருக்கிறார். சில பழக்கங்களை ஒரேயடியாய் வெட்டிவிடலாம், சாப்பாட்டை அப்படி வெட்ட முடியாதே என்கிறார். பசிக்காகக் கை நீட்டுகிறேனா, ருசிக்காகவா என்று தமக்கே நிச்சயமில்லை என்றும் ஒத்துக்கொள்கிறார்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலரும் வெங்காயத்தையும் பூண்டையும் வெள்ளரிக்காயையும் நினைத்து அழுதார்கள். வெங்காயம் அவர்களுக்கு நன்றாய் ஞாபகம் இருந்தது. முதுகில் விழுந்த அடி மறந்துபோயிற்று. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது எனக்கும் அப்படித்தான். சால்னா வாசனை ஞாபகத்துக்கு வரும். இரண்டு மணி எரிச்சல் வராது.

பழி யார் மேல்?

பிரியமானவர்களே, வேதத்தில் வருகிற முதல் சாப்பாட்டுத் தவறைப் பாருங்கள். ஆதாம் கனியைத் தின்றான். கேள்வி வந்தபோது என்ன செய்தான்? ஸ்திரீ கொடுத்தாள் என்றான். நான் ஆறு மாதம் செய்ததும் அதுதான். அவன் மனைவியாவது கையில் கொடுத்தாள். என் மனைவி அந்தக் கடைப் பக்கமே வந்ததில்லை!

நம் தேசத்திலும் ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1918-ல் குஜராத்தில் கேடா ஜில்லாவில் காந்தியடிகள் சுற்றிக்கொண்டிருந்தபோது லேசாக வயிற்றுக்கடுப்பு கண்டது. பட்டினி போட்டால் சரியாகிவிடும் என்று இருந்தார். அன்று ஒரு பண்டிகை. கஸ்தூரிபாய் அம்மையார் இனிப்பான கோதுமைக் கஞ்சியும் பயறும் செய்து வைத்திருந்தார். கொஞ்சம் சாப்பிட்டிருந்தால் போதும். அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் கடுப்பு பலமாய்ப் பிடித்து, சாவின் வாசல்வரை போய்த் திரும்பினார். இதையெல்லாம் நமக்குச் சொன்னது யார்? அவரேதான். அம்மையாரின் வற்புறுத்தலைச் சொன்னாலும், தம் நாக்குக்கு இடம் கொடுத்ததைச் 'சத்திய சோதனை'யில் மறைக்கவில்லை. பால் குடிப்பதில்லை என்று விரதம் எடுத்தவர், அந்த வியாதியில் ஆட்டுப்பாலுக்குச் சம்மதித்தார். விரதத்தின் சொல்லைக் காப்பாற்றினேன், அதன் கருத்தைக் காப்பாற்றவில்லை என்று அதையும் ஒத்துக்கொண்டார்.

தம்பி, உனக்கு இரண்டாவது பதில் இதுதான். பரோட்டா என் வயிற்றைக் கெடுத்தது. அதற்காக நான் சொன்ன பொய் என் வீட்டைக் கெடுத்தது. ஒருத்தி தூக்கத்தை இழந்தாள். பிள்ளைகள் ருசியை இழந்தார்கள். மறுநாள் லைனில் என் வேலையையும் சேர்த்து இன்னொருவர் இழுத்தார். என் வயிறு, என் இஷ்டம் என்று சொல்ல முடியுமா? வலி மட்டும்தான் என்னுடையது. செலவெல்லாம் மற்றவர்களுடையது. ஏசா ஒரு வேளைக் கூழுக்காகச் சேஷ்டபுத்திரபாகத்தை விற்றான். நான் மூன்று பரோட்டாவுக்காக என் மனைவியின் மனச்சாட்சியைப் பாரப்படுத்தினேன். கணக்கில் வருவது அதுதான்.

இப்போது நான் என்ன செய்கிறேன்?

பெரிய ஜெயம் என்று பெருமை பேச வரவில்லை. சின்னச் சின்னக் காரியங்கள்தான். பஸ்ஸில் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி எதிர்ப்பக்கம் நடந்து போகிறேன். கேன்டீனில் எட்டு மணிக்கே சாப்பிட்டுவிடுகிறேன். படுக்கைக்கு முன் மூன்று மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்திருக்கிறேன். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதி வைத்துப் பார்த்ததில், எனக்குக் காரம் அவ்வளவு கெடுதல் செய்யவில்லை, எண்ணெயும் நேரமும்தான் என்று தெரிந்தது. ஆகவே கருவாட்டுக் குழம்பு வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது! உங்கள் வயிறு வேறு மாதிரி இருக்கலாம். ஒருவருக்குப் பால், ஒருவருக்குப் பயறு, ஒருவருக்கு வெங்காயம். ஆனால் விழுங்கக் கஷ்டமாயிருந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, உடம்பு காரணமில்லாமல் இளைத்தாலோ கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். நெஞ்சுவலியை "கேஸ்தான்" என்று நீங்களே தீர்மானிக்கவும் வேண்டாம்.

இரண்டு தரம் தவறியும் போனேன். அந்த இரண்டு தரமும் வீட்டுக்கு வந்ததும் மனைவியை எழுப்பி, "நான்தான் சாப்பிட்டேன்" என்று சொன்னேன். இரண்டாவது தரம் அவள், "அதுக்குத் தூங்குறவளை எழுப்பணுமா? காலைல சொல்லக் கூடாதா?" என்று திட்டிவிட்டுச் சிரித்தாள். பொய் சொல்ல இடமில்லாத வீட்டில் மறுபடி விழுவது கொஞ்சம் கஷ்டம். இதை அனுபவத்தில் கண்டேன்.

சபையாருக்கு ஒரு வேண்டுகோள். ஐக்கிய விருந்தில் ஒருவர் "போதும்" என்றால், "ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடுங்க பிரதர், விசுவாசம் இருந்தா ஒண்ணும் ஆகாது" என்று இன்னொரு கரண்டி போடாதீர்கள். தேவாலயத்தின் உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று ஒருவன் சொன்னானே, அதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. தானியேல் ராஜாவின் போஜனத்தை வேண்டாம் என்றபோது யாரையும் நிந்திக்கவில்லை. அதிகாரியிடம் பணிவாய்க் கேட்டான், பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்றான். அப்படிச் சொல்லுகிறவனுக்கு நாம் இடம் கொடுப்போம். சாப்பிடுகிறவனையும் குற்றவாளியாய்த் தீர்க்காதிருப்போம்.

கம்மலை மூன்று மாதத்தில் மீட்டுவிட்டோம். அன்றைக்கு அவளே கேட்டாள், "வாங்க, பிள்ளைங்களுக்குப் பரோட்டா வாங்கித் தரலாம்" என்று. சாயங்காலம் ஆறு மணிக்கு நால்வரும் அதே கடைக்குப் போனோம். பிள்ளைகள் சால்னாவை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டார்கள். நான் ஒரு இட்லி வாங்கிக்கொண்டு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசை இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். ஆசை இருந்தது. ஆனாலும் அன்று ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் தூங்கினார்கள்.

நம் ஒவ்வொருவரையும் இப்படிப்பட்ட சமாதானம் காத்துக்கொள்வதாக. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
தண்டலத்திலிருந்து உங்கள் சகோதரன்