களிப்புக்கும் ஓர் அறம் உண்டு

துருக்கி நாட்டின் நடுப்பகுதியில் கப்பதோக்கியா என்றொரு பாறைப் பள்ளத்தாக்கு நிலம் உண்டு. பெந்தகோஸ்து நாளில் எருசலேமில் கூடியிருந்தோரைத் திருத்தூதர் பணிகள் நூல் பட்டியலிடும்போது கப்பதோக்கியாவினரையும் குறிப்பிடுவதை வாசகர்கள் நினைவுகூரலாம். இன்று அங்கே மாலைதோறும் ஒரு வாடிக்கை நடைபெறுகிறது. குவாட் பைக் எனப்படும், பருத்த நான்கு சக்கரங்களைக் கொண்ட திறந்த மோட்டார் வண்டிகளில் சுற்றுலாப் பயணிகள் தலைக்கவசம் அணிந்து அமர்கின்றனர். வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பாறைகளுக்கிடையே புழுதி பறக்க ஓட்டிச் செல்கின்றனர். உயர்ந்ததொரு மேட்டை அடைந்ததும் வண்டிகள் நிற்கின்றன. சூரியன் மறைவதைக் கண்டு, படம் எடுத்துக்கொண்டு, இருள் கவியுமுன் திரும்பிவிடுகின்றனர்.

இத்தகைய உல்லாசப் பயணம் கப்பதோக்கியாவோடு நின்றுவிடவில்லை. ஜோர்தான் நாட்டின் வாதி ரம் பாலைவனத்திலும் உண்டு. நம் நாட்டு மலைவாசத் தலங்களிலும் கடற்கரை விடுதிகளிலும் இவ்வண்டிகள் வந்துவிட்டன. இதனைப் பற்றிக் கேட்க வேண்டிய அறக் கேள்வி ஏதேனும் உண்டா? உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு மாலைப்பொழுதை மகிழ்ச்சியாகக் கழிப்பதில் யாருக்கு என்ன தீங்கு?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். மகிழ்ச்சியைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது கத்தோலிக்க மரபு அன்று. புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் சுருக்கத்தில் விளையாட்டைப் பற்றியே தனியாக ஆராய்கிறார். உழைத்த உடலுக்கு ஓய்வு தேவைப்படுவதுபோல் உழைத்த மனத்திற்குக் களிப்பு தேவை என்கிறார் அவர். இதற்கு ஒரு பழங்கதையையும் எடுத்துக்காட்டுகிறார். நற்செய்தியாளரான புனித யோவான் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டு சிலர் முகம் சுளித்தனராம். அவர்களுள் வில் ஏந்திய ஒருவனை அழைத்து, அம்பு எய்யுமாறு யோவான் கூறினார். அவனும் பலமுறை எய்தான். இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா என்று அவர் வினவ, அப்படிச் செய்தால் வில் முறிந்துவிடும் என்று அவன் பதிலளித்தான். மனித மனமும் அவ்வாறே என்றார் யோவான். களிப்பே அறியாது பிறர் களிப்புக்கும் இடையூறாக இருப்பவரிடமும் குறை உண்டு என்பது அக்குவினாஸ் அவர்களின் தீர்ப்பு.

ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. களிப்பு, களிப்பவருக்கும் காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்றதாய் இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறார். ஆளையும் காலத்தையும் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். தவக்காலத்தில் கேளிக்கை கூடாது என்கிறோம். இழவு வீட்டில் சிரிக்கலாகாது என்கிறோம். இடத்தைப் பற்றி மட்டும் நாம் அதிகம் சிந்திப்பதில்லை. கோயில், கல்லறைத் தோட்டம் போன்ற இடங்களை விட்டுவிட்டால், மற்ற வெளியெல்லாம் நம் விருப்பத்திற்கு விடப்பட்டது என்றே எண்ணுகிறோம். மனிதர் குடியிருக்காத, பயிர் விளையாத வெளியென்றால் கேட்கவே வேண்டாம்.

கப்பதோக்கியா எத்தகைய இடம்? பண்டை நாளில் எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்து இறுகி மென்பாறையானது. மழையும் காற்றும் அதனைச் செதுக்கிக் கூம்புகளாகவும் மடிப்புகளாகவும் ஆக்கின. உளிக்கு எளிதில் இடங்கொடுக்கும் அப்பாறையைக் குடைந்து துறவியர் சிற்றாலயங்கள் அமைத்தனர். சுவர்களில் ஓவியம் தீட்டினர். கொரேமே பகுதியின் அவ்வாலயங்களும் பாறை நிலமும் 1985ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றன. நான்காம் நூற்றாண்டில் அந்நாட்டின் செசாரியா நகரில் ஆயராய் இருந்தவர் புனித பெரிய பசிலியார். படைப்பின் ஆறு நாள்களைக் குறித்து அவர் ஆற்றிய ஒன்பது மறையுரைகள் இன்றும் படிக்கப்படுகின்றன. அவற்றைக் கேட்டவர்களுள் அன்றாடப் பிழைப்புக்கு உழைத்த கைவினைஞரும் இருந்தனர். அவர்களுக்கு அவர் மீனையும் பறவையையும் புல்லையும் காட்டி, நின்று உற்றுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அதே நாட்டில்தான் இன்று நிலத்தை விரைந்து கடப்பது காட்சியாக விற்கப்படுகிறது. உளிக்கு இளகும் பாறை சக்கரத்திற்கும் இளகும் என்பதையும் மறத்தலாகாது.

இக்கேள்வியை எழுப்ப நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூரிலிருந்து தென்மேற்கே சென்றால், பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்னும் சிற்றூர் வரும். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் வட்டாரம் அது. ஊரை ஒட்டி நிலம் திடீரென உடைந்து, நூற்றுக்கணக்கான ஓடைப் பள்ளங்களாகவும் மொட்டைக் குன்றுகளாகவும் பிரிந்து கிடக்கிறது. மரம் இல்லை, நிழல் இல்லை. களிமண்ணினூடே ஓடும் ஜிப்சம் படலங்கள் மாலை வெயிலில் மின்னுகின்றன. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சேறே இன்றைய குன்று. சுருள் வடிவ ஓடு கொண்ட அம்மோனைட்டுகளும், துப்பாக்கிக் குண்டைப் போன்ற பெலம்னைட்டுகளும், சுறாமீன்களின் பற்களும் அம்மண்ணிலிருந்து வெளிப்படுகின்றன. 19ஆம் நூற்றாண்டிலேயே ஹென்றி பிளான்ஃபோர்டு, ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா முதலிய அறிஞர்கள் இவ்வட்டாரத்துப் பாறைகளையும் தொல்லுயிர் எச்சங்களையும் ஆராய்ந்து எழுதினர். அருகிலுள்ள சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. 1940ஆம் ஆண்டில் அதனை உலகறியச் செய்தவர் எம்.எஸ். கிருஷ்ணன். கல்மரத்திற்கு வேலி உண்டு. இந்திய நில இயல் ஆய்வுத் துறை காரை நிலத்தையும் புவிப் பாரம்பரியச் சின்னமாகக் குறித்துள்ளது எனினும், அத்தனை பெரிய வெளிக்கு வேலி எப்படிப் போடுவது?

அங்கே மோட்டார் சைக்கிளிலும் ஜீப்பிலும் வந்து மேடுகளில் ஏறி இறங்கும் இளைஞரைக் காணலாம். அவர்கள் தீய நோக்கம் உடையவர்கள் அல்லர். நகரத்தின் நெருக்கடியிலிருந்து வந்தவர்களுக்கு அவ்வெளி ஒரு விடுதலை. ஆயினும் சக்கரம் என்ன செய்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். காய்ந்த களிமண்ணின் மேல் ஒரு மெல்லிய பொருக்கு இருக்கிறது. சக்கரம் அதனை உடைத்துத் தடம் பதிக்கிறது. அடுத்த மழையின் நீர் அத்தடத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு மண்ணை அறுக்கிறது. நீர் கழுவி வெளிக்கொணர்ந்த எச்சங்கள் மண்ணின் மேலேயே கிடப்பதால் முதலில் நொறுங்குபவை அவையே. நொறுங்காதவை பலரது சட்டைப் பைக்குள் போகின்றன.

ஒன்றை எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடை தரத் தகுதி வாய்ந்தவர் ஓர் ஆயர். டென்மார்க்கில் பிறந்த நிக்கோலாஸ் ஸ்டெனோ மருத்துவ அறிஞர். 1666ஆம் ஆண்டில் இத்தாலியில் ஒரு பெரிய சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்தபோது, நாக்குக்கல் என்று மக்கள் அழைத்துவந்த விந்தைக் கற்கள் பழங்காலச் சுறாக்களின் பற்களே என்று கண்டார். 1669ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், பாறை அடுக்குகளில் கீழுள்ளது முந்தியது, மேலுள்ளது பிந்தியது என்னும் விதியை நிலைநாட்டியது. கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, குருவாகி, 1677இல் ஆயரான அவரை 1988ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அருளாளராக உயர்த்தினார். ஸ்டெனோ கற்பித்தது இதுதான்: ஒரு சுறாப் பல் எந்த அடுக்கில் கிடக்கிறதோ, அந்த இடத்திலேயே அதன் பொருள் இருக்கிறது. இடம் பெயர்ந்த பல் வெறும் அழகுப் பொருள். ஏட்டிலிருந்து பிய்த்தெடுத்த ஓர் எழுத்தை வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டு, ஏட்டைப் படித்துவிட்டோம் என்று சொல்ல முடியுமா?

இங்கே நேர்மையான வாசகர் ஒருவர் நம்மை இடைமறிக்கக் கூடும். ஆலத்தியூரில் 1997ஆம் ஆண்டு முதல் சிமெண்ட் ஆலை இயங்குகிறது. அரியலூர் வட்டாரமெங்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் ஆழ்ந்து கிடக்கின்றன. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் நிறைந்திருப்பவை பழங்கடலின் சிப்பிகள்தாமே? அவற்றைப் பொடித்துச் சுட்டு எழுப்பிய வீட்டில் வாழ்ந்துகொண்டு, அதே சிமெண்டால் கட்டிய கோயிலில் மறையுரை ஆற்றிக்கொண்டு, ஓர் இளைஞனின் சக்கரத் தடத்தைக் கண்டிப்பது, கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்கும் செயலாகாதா?

இது தட்டிக்கழிக்கத்தக்க கேள்வி அன்று. சுரங்கம் தோண்டும் குழிக்கு முன் சக்கரத் தடம் ஒன்றுமில்லை. வீடும் பாலமும் மருத்துவமனையும் தேவை என்பதால் சுரங்கத்திற்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. தேவைக்கு மேல் கட்டும்போது அந்த நியாயம் தேய்கிறது. சுரங்கத்திற்கு உரிமம் வேண்டும், சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், மூடும்போது நிலத்தைச் சீர்செய்யும் திட்டம் வேண்டும் எனச் சட்டம் விதித்திருக்கிறது. அவை முறையாகக் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று கேட்பது குடிமக்களாகிய நம் அனைவரின் கடமை. ஆனால் பெரிய காயம் ஒன்று இருப்பதால் சிறிய காயம் காயமில்லை என்றாகிவிடாது. தேவையின் பெயரால் இழந்தது ஏற்கனவே மிகுதி என்றால், எஞ்சியதை வெறும் பொழுதுபோக்கின் பெயரால் இழப்பதற்கு இன்னும் குறைந்த நியாயமே உண்டு. சுரங்கத்தை நிறுத்த நம்மால் இயலாமற் போகலாம். நம் வண்டியை நிறுத்த நம்மால் இயலும்.

மற்றொரு வாதமும் உண்டு. சுற்றுலா வளர்ந்தால் மானாவாரி விவசாயத்தை நம்பி வாழும் ஊர்களில் நாலு பேருக்கு வேலை கிடைக்குமே என்பர். உண்மை. கிடைக்கட்டும். ஆனால் அந்த வேலை எது என்று கேட்போம். வண்டியை வாடகைக்கு விட்டுப் புழுதியில் முன்னே ஓடுபவனும் வழிகாட்டிதான். ஒரு கல்லின் முன் நிறுத்தி, இது கடலாய் இருந்த காலத்தில் என்ன நடந்தது என்று சொல்லக் கற்றவனும் வழிகாட்டிதான். முன்னவன் பிழைப்பு நிலம் சிதையச் சிதைய முடிவுக்கு வரும். பின்னவன் பிழைப்பு நிலம் காக்கப்படும் வரை நீடிக்கும். 2020ஆம் ஆண்டில் குன்னம் பகுதியில் மண் தோண்டியபோது உருண்டைக் கற்கள் வெளிப்பட்டு, டைனோசர் முட்டைகள் என்ற செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. அவை அம்மோனைட் சார்ந்த படிவுகள் என்று வல்லுநர் விளக்கினர். நம் மக்களுக்கு வியப்பு குறையவில்லை என்பதற்கு இதுவே சான்று. எடுத்துச் சொல்வார்தாம் குறைவு.

நடக்க இயலாத முதியோரும் ஊனமுற்றோரும் என்ன செய்வார்கள் என்றால், அவர்களுக்காக வகுத்த பாதையில் வண்டி செல்வதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. பாதை என்று ஒன்றை வகுத்து, அதைவிட்டு விலகாதிருப்பதே இங்கு அறம்.

யோபு நூலின் இறுதிப் பகுதியை நாம் பெரும்பாலும் துன்பத்தைப் பற்றிய பாடமாகவே படிக்கிறோம். அதில் சூறாவளியினின்று பேசும் இறைவன், ஆளே இல்லாத பாழ்நிலத்தின் மீது மழை பொழியச் செய்தவர் யார் என்று யோபுவிடம் கேட்கிறார். மனிதனுக்குப் பயன்படாத நிலத்தையும் இறைவன் நினைக்கிறார் என்பது அக்கேள்வியின் உட்பொருள். காரையின் கடலில் அம்மோனைட்டுகள் நீந்திய காலத்தில் அவற்றைப் பார்த்து வியக்க மனிதக் கண் ஒன்றுகூட இல்லை. சுமார் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அவ்வினமே அழிந்தொழிந்தது. அவை யாருக்காகப் படைக்கப்பட்டன? எல்லாம் நமக்காகவே என்று சொல்லிப் பழகிய நாவுக்கு இதற்கு எளிதில் விடை வராது. ஒவ்வொரு படைப்புயிரும் தன் இருப்பாலேயே இறைவனை மாட்சிப்படுத்துகிறது என்பதைத்தான் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டின் ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில் நமக்கு நினைவூட்டினார். அந்த நீண்ட வரலாற்றில் நாம் கடைசியாக வந்து சேர்ந்த விருந்தினர். விருந்தினர் மகிழலாம், மகிழ வேண்டும். வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லாத வேளையில் விருந்தினர் நடந்துகொள்ளும் விதத்தில்தான் அவர் யார் என்பது தெரியும்.

விடுமுறை நாள்களில் பங்குகளின் இளைஞர் குழுக்களும் மறைக்கல்வி மாணவரும் சுற்றுலா செல்கின்றனர். காரைக்கும் சாத்தனூருக்கும் அவர்களை அழைத்துச் செல்லலாம். தொலைதூரக் கேளிக்கைப் பூங்காவைவிட அது அவர்களுக்குப் பயனளிக்கும். வண்டிகளைச் சாலையோரமே நிறுத்திவிட்டு, ஊரறிந்த ஒருவரைத் துணைகொண்டு, நடந்து செல்லட்டும். கண்ணில் படும் சங்கையும் பல்லையும் குனிந்து பார்க்கட்டும். கிடந்த இடத்திலேயே விட்டுவிடட்டும். பிள்ளைகள் காரணம் கேட்பார்கள். நாளை இன்னொரு பிள்ளை வந்து அதே இடத்தில் குனிந்து பார்க்க வேண்டும் என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும். மேட்டின் மேல் ஏறிச் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடலாம். இயந்திரத்தின் இரைச்சல் இல்லாத அந்த அரைமணி நேரத்தில் அவர்களே தமக்குள் பேசத் தொடங்குவார்கள்.