திலகவதியார் கைத் திருவலகு

முன் சென்ற பெண்மணியொருவரை வணங்குதலும் அவரிடங் கற்றலும் ஒன்றேயோ, வெவ்வேறோ என்னும் வினா சில மாதங்களாக எம் மனத்தை விட்டு அகலாதிருக்கின்றது. அஃது எழுந்தவாறு கூறுவாம்.

பரந்தன் அயலிலுள்ள பாடசாலையொன்றில் அதிபர் பதவி வெற்றிடமாயிற்று. ஆங்குள்ளாருள் வல்லவராகிய ஆசிரியை ஒருவரை அதனை ஏற்குமாறு வேண்டியபோது அவர், "ஐயா, தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையாரைப் போலத் தெய்வப் பிறவியாயின் ஏற்கலாம், நான் சாதாரணமானவள்" என்றார். அவ்வுரையிற் பணிவு இருந்தது. எம்மனோர் செய்த பிழையும் இருந்தது. அவ்வம்மையாரைத் தெய்வப் பிறவியென்று மேடைதோறும் முழங்கினவருள் யாமும் ஒருவரன்றோ?

அம்மையார் 1925இற் பிறந்து 2008இற் சிவபதமடைந்தவர். நம்மைப் போலப் பாடசாலை ஆசிரியத் தொழில் செய்தவர். தெல்லிப்பழைத் துர்க்காதேவி தேவஸ்தானத்துக்குத் தலைவியாய் நெடுங்காலம் இருந்தார். ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார். வகுப்பறையிற் பழகிய நாவே பின்னர்க் கோயின் மண்டபங்களிற் சைவப் பிரசங்கஞ் செய்தது. ஓர் ஆசிரியை படிப்படியாக எவ்வாறு ஒரு தேவஸ்தானத்தையே தாங்கத்தக்கவரானார் என்பது கற்கத்தக்கது. 'தெய்வப் பிறவி' என்னுஞ் சொல்லோ அதனை மறைக்குந் திரையாயிற்று.

குருவைச் சிவமெனக் காணுதல் சைவமாதலின் வணக்கத்தைக் குறை கூறலாமோ என்பார்க்குத் திலகவதியார் சரிதமே விடையாகும். அவர்க்கு நிச்சயிக்கப்பட்டிருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். தந்தையும் தாயும் முன்னரே இறந்தனர். தாமும் உயிர்விடத் துணிந்தவர், தம்பியின் பொருட்டே உயிர் தாங்கினார். 2009இன் பின் வன்னியிற் குடும்பத்தைத் தனியே சுமந்த தாய்மாரும் தமக்கைமாரும் நம் மாணாக்கர் வீடுகளில் எத்தனையர்! அவர்க்கு இச்சரிதத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

திலகவதியார் திருவதிகையில் நாடோறும் வைகறையிற் கோயிலை அலகிட்டார், சாணத்தால் மெழுகினார், பூக்கொய்து மாலை தொடுத்தார். சூலைநோயுற்று வந்த தம்பி அவர் அடியில் வீழ்ந்து திருநீறு பெற்றார். அஃது வணக்கம். பின்னர் அத்தம்பியார், நாவுக்கரசராகித் தலந்தோறும் உழவாரப்படை கொண்டு திருப்பணி செய்தார். தமக்கையார் கைத் திருவலகே தம்பியார் கையில் உழவாரமாயிற்று என்பது எம் துணிபு. அஃது கற்றல்.

யாம் பயின்றது மிஷன் பாடசாலையில். ஆங்கே முன்னோர் வரலாற்றை, எப்பொழுது எழுந்தார், எவ்வாறு கணக்கெழுதினார் என அன்றாடச் செயலாகவே சொல்வர். நம் பிரசங்கங்களோ அற்புதத்திலிருந்தே தொடங்குகின்றன. உடுவிலில் அமெரிக்க மிஷனார் பெண்கள் பாடசாலை தொடங்கியது 1824இல். மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி எழுந்தது 1913இல். பிந்தினவர் முந்தினவரிடங் கற்பதற்கு நாணுதல் தகாது.

ஆதலின் அவ்வாசிரியைக்கு யாம் மறுபடியும் உபதேசஞ் செய்திலேம். கிளிநொச்சியில் இளைப்பாறியிருக்கும் அதிபர் அம்மையார் ஒருவரிடம் அழைத்துச் சென்றேம். மீள்குடியேற்ற காலத்திற் கூரையில்லாத இடத்திற் பாடசாலை நடத்தியவர் அவர். வலயக் கல்வி அலுவலகத்துக்கு எவ்வாறு கடிதம் எழுதுவது, அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திற் பெரியவர் ஒருவர் குரலை உயர்த்தினால் எவ்வளவு நேரம் பேசாதிருப்பது, பின் எங்கே தொடங்குவது என்றெல்லாம் இருவரும் மாலைவரை பேசினர். யாம் திண்ணையில் இருந்தேம். ஆசிரியை கொண்டுபோன கொப்பியில் நான்கு பக்கம் நிறைந்துவிட்டது. பதவியை ஏற்பதாக அவர் இன்னுஞ் சொல்லவில்லை. வருகிற சனிக்கிழமையும் அவ்வீட்டுக்குப் போகவேண்டும் என்றார்.