பிடித்து விடுவது கருணையாகுமா?

ஓர் உயிரை நாம் வேண்டுமென்றே வருத்துகிறோம். பின்னர் அதனைக் கொல்லாது விட்டுவிடுகிறோம். அங்ஙனம் விட்டதற்காக நம்மை நாமே கருணையுடையோரென்று மெச்சிக்கொள்ளலாமா? இக்கேள்வி நம் உள்ளத்தில் எழுந்தது நண்பரொருவருடன் நிகழ்ந்த சம்பாஷணையினாலேயாகும். அவர் தோட்டத்தில் பிறந்தவர். தங்கூசி நரம்பில் தூண்டில் கட்டி, மண்புழுவைக் கோத்து, வாய்க்காலில் கெளுத்தியும் விராலும் பிடித்துத் தாயின் குழம்புச் சட்டிக்குக் கொடுத்து வளர்ந்தவர். இன்று சிங்கப்பூரில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார். சென்ற ஜூன் மாதம் விடுமுறையெடுத்து, ஐக்கிய அமெரிக்காவிலுள்ள கேப் காட் கடற்கரைக்குச் சென்று, ஒரு வாரம் மீன்பிடித்துத் திரும்பினார். "22 மீன் பிடித்தேன், ஒன்றையேனும் கொல்லவில்லை" என்று நம்மிடம் பெருமையுடன் கூறினார். அப்பெருமை நியாயமானதுதானா என்பதை அன்பர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

முதலில் அவ்விடத்தையும் அவ்வித்தையையும் அறிந்துகொள்வோம். கேப் காட் என்பது மாஸசூஸெட்ஸ் மாநிலத்தின் தென்கிழக்கில், மடக்கி உயர்த்திய கையைப்போல் அட்லாண்டிக் மகாசமுத்திரத்துள் நீண்டு கிடக்கும் மணல் நிலமாகும். அதன் கீழ்க்கரை முழுவதும் மணற்பரப்பும் மணற்குன்றுகளுமே. 1961 ஆம் ஆண்டில் அக்கரையின் பெரும்பகுதியைத் தேசியக் கடற்கரையாக்கி, அந்நாட்டரசு பாதுகாத்து வருகின்றது. கோடையில் அங்கு வரும் மீன்களுள் தலையாயது 'ஸ்ட்ரைப்ட் பாஸ்' என்பது. வெள்ளி போன்ற அதன் மேனியில் ஏழெட்டுக் கருங்கோடுகள் நீளவாக்கில் ஓடுவதால், நாம் இக்கட்டுரையில் அதனைக் கோட்டுமீன் என்றே வழங்குவோம். செஸபீக் குடாவில் விழும் ஆறுகளிலும் ஹட்ஸன் ஆற்றிலும் வசந்த காலத்தில் முட்டையிட்டுவிட்டு, கரையோரமாக வடக்கே வந்து கோடையைக் கழித்து, குளிர் தொடங்கியதும் தெற்கே திரும்புவது இம்மீனின் இயல்பு.

இதனைப் பிடிக்க நம் நண்பர் கைக்கொண்ட முறையும் தனித்தன்மை வாய்ந்தது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனமே நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இம்முறையிலோ பொய்யிரைக்குக் கனமென்பது இல்லையென்றே சொல்லலாம். கனமெல்லாம் கயிற்றிலேயே உள்ளது. ஒன்பதடி நீளமுள்ள கோலைப் பின்னே வீசி, கயிறு வானில் நேராக விரியும்வரை ஒரு கணம் பொறுத்து, பின் முன்னே வீச வேண்டும். அவசரப்பட்டால் கயிறு தலையில் விழும். ஆதியில் ஆற்று மீனுக்காக ஈயைப்போல் செய்யப்பட்ட பொய்யிரையாதலின், ஆங்கிலத்தில் இன்றும் அதற்கு ஈ என்றே பெயர். கடலுக்கு வந்தபின் மான்வால் மயிரும் சேவலிறகும் கொண்டு சிறு மீனைப்போல் அதனைக் கட்டுகின்றனர். லெஃப்டி க்ரே என்னும் புகழ்பெற்ற தூண்டிற்காரர் 1950களின் பிற்பகுதியில் கோட்டுமீனுக்கென்றே ஒரு பொய்யிரையை உருவாக்கினார். 1991இல் அந்நாட்டுத் தபால் முத்திரையிலும் அஃது இடம்பெற்றது. அதன் பெயருக்கு ஏய்ப்பவன் என்று பொருள். பெயரளவிலாவது அது வாய்மை தவறவில்லை!

அந்திப்பொழுதில் முழங்காலளவு நீரில் நின்று, இழுத்த கயிற்றை அலை கொண்டுபோகாமல் இடுப்பில் கட்டிய கூடையில் சுருட்டிக்கொண்டு, சிறு மீன்கள் சிதறும் இடத்தையும் கடற்பறவைகள் வட்டமிடும் இடத்தையும் நோக்கி நிற்பதில் ஓர் இன்பம் உண்டென்று நண்பர் கூறினார். நாம் அதனை நம்புகிறோம். ஆண்டு முழுவதும் கணக்கும் கடிதமுமாய்க் கிடந்த மனம், அலையையும் காற்றையும் கவனிக்கக் கற்றுக்கொள்வது நல்லதே. சூதாட்டத்திலும் கள்ளுக்கடையிலும் விடுமுறையைத் தொலைப்பதைவிட இஃது எவ்வளவோ மேல். ஆதலின் பொழுதுபோக்கையே பழிப்பது நமது நோக்கமன்று. ஆனால் அவ்வின்பத்தின் மறுமுனையில் ஓர் உயிர் இருக்கின்றது. அதன் உதட்டில் ஒரு முள் இருக்கின்றது.

மீனுக்கு வலி தெரியுமா? இதில் அறிஞர்கள் இருதிறப்பட்டு நிற்கின்றனர். 2002இல் அமெரிக்கரான ஜேம்ஸ் ரோஸ் என்பவர், மனிதருக்கு வலியுணர்வைத் தரும் மூளைப்பகுதி மீனுக்கு இல்லையாதலால், அதன் துள்ளல் வெறும் அனிச்சைச் செயலே என்று வாதித்தார். அடுத்த ஆண்டே பிரிட்டனில் லின் ஸ்னெடன் என்னும் அம்மையாரும் அவர் தோழர்களும் டிரவுட் என்ற மீனின் முகத்தில், ஊறு நேருங்கால் கிளர்ந்தெழும் நரம்பு முனைகள் உள்ளனவென்று கண்டு வெளியிட்டனர். உதட்டில் காடி அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் இரையெடுக்க நெடுநேரம் தாழ்த்தின. உதட்டைத் தொட்டியின் கூழாங்கற்களில் தேய்த்தன. வலி தணிக்கும் மருந்து கொடுத்தபோது அத்தேய்ப்புக் குறைந்தது. வாதம் இன்னும் முடிந்தபாடில்லை. எனினும் ஐயம் நிலவுமிடத்து அதன் பயனை யாருக்கு அளிப்பது? வாயுள்ளவன் தன் பக்கத்தைத் தானே பேசிக்கொள்வான். பேசமாட்டாத உயிருக்கே அதனை அளிப்பது அறமென்பது நமது துணிபு.

நிற்க. நண்பர் சொன்ன கணக்கையும் சற்றே பார்ப்போம். 1996இல் வெளியான மாஸசூஸெட்ஸ் ஆய்வொன்றை அடியொற்றி, அக்கரை மாநிலங்களின் மீன்வள ஆணையம், தூண்டிலில் பிடித்து விடப்படும் கோட்டுமீன்களுள் 100க்கு 9 பின்னர் இறந்துபோகின்றன என்று கொண்டு கணக்கிடுகின்றது. முள் ஆழத் தைத்தாலும், நீர் வெப்பமாக இருந்தாலும், மீனை நெடுநேரம் வெளியே வைத்திருந்தாலும் சாவு மிகும். "அப்படியாயின் உமது 22 மீன்களுள் ஏறக்குறைய இரண்டு இறந்திருக்குமே" என்றோம்.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "நான் எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டிலையே பயன்படுத்தினேன். உதட்டில்தான் தைத்தது. கையை நனைத்துக்கொண்டே மீனைத் தொட்டேன். நீரும் குளிர்ந்திருந்தது. உமது கணக்கு எனக்குப் பொருந்தாது" என்றார். அவர் சொன்னதில் உண்மையுண்டு. அந்த ஒன்பது பலவகைத் தூண்டிற்காரருக்கும் பொதுவான சராசரியேயாகும். "சரி, இரண்டன்று, ஒன்றென்றே கொள்வோம். அந்த ஒன்று எதற்காக இறந்தது?" என்று கேட்டோம்.

அவரும் விடவில்லை. "நேற்று நீர் தகரப் பெட்டியைத் திறந்து சார்டின் தின்றீரே, அவை எதற்காக இறந்தன? வலையில் நசுங்கியும் மூச்சடைத்தும் மடிந்தவற்றின் கண்களை நீர் பார்த்ததுண்டா? நான் என் மீனின் கண்ணைப் பார்த்தேன். அது தெம்படைந்து வாலசைக்கும்வரை நீரில் தாங்கி நின்றேன். நம் இருவரில் யார் இரக்கமுள்ளவர்?" என்றார். கேள்வி நியாயமானதே. கண்காணாத இடத்தில் பிறர் கொன்று தந்ததைத் தின்றுவிட்டுக் கைகழுவுவோன், கண்முன் பிடித்தவனைப் பழிக்கத் தகுதியற்றவன். தகரப் பெட்டியிலுள்ள மீனுக்கும் ஓர் உயிர் இருந்ததென்று நாமும் அன்றுதான் நிதானித்து எண்ணினோம். அதற்காக நண்பருக்கு நன்றியுடையோம்.

ஆனால் நம் குற்றம் அவர் குற்றத்தை நீக்கிவிடாது. உணவுக்காகப் பிடிப்போனிடம் காரணம் கேட்டால் பசி என்பான். அக்காரணம் போதுமா போதாதா என்று ஊனுண்போரும் உண்ணாதோரும் நெடுங்காலமாக வாதிடுகின்றனர். எப்படியாயினும் அஃது ஒரு காரணம். விளையாட்டுக்காகப் பிடித்து விடுவோனிடம் கேட்டால், அவன் தன் மகிழ்ச்சியைத் தவிர வேறொன்றையும் காட்ட இயலாது. ஸ்விட்ஸர்லாந்து நாடு 2008இல் இயற்றிய விலங்குக் காப்பு விதிகளின்படி, திரும்ப விட்டுவிடும் எண்ணத்துடனேயே மீன்பிடிப்பது குற்றமாகும். உண்ணப் பிடிப்பாயாயின் பிடி. வருத்தி மகிழ்வதற்காகப் பிடிக்காதே என்பதே அதன் உட்கருத்து.

அமெரிக்கச் சட்டமோ வேறு வழியில் செல்கின்றது. 2023 முதல் கடற்கரையில், 28 அங்குலத்துக்கும் 31 அங்குலத்துக்கும் இடைப்பட்ட கோட்டுமீன் ஒன்றைத்தான் ஒருவர் ஒரு நாளில் வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றை விட்டுவிட வேண்டும். ஒரு நாட்டில் விடுவது குற்றம். மற்றொரு நாட்டில் விடாதது குற்றம்! இம்முரண்பாட்டின் காரணத்தை அறிய அம்மீனின் சரித்திரத்தைச் சற்று நோக்க வேண்டும்.

ஆங்கிலேயர் குடியேறிய தொடக்க நாளில், இம்மீன் வயலுக்கு உரமாகப் போடுமளவு மலிந்திருந்தது. 1639இலேயே மாஸசூஸெட்ஸ் குடியேற்றத்தின் சபை அதனை உரமாக்கக் கூடாதென்று தடுத்தது. 1670இல் பிளிமத் குடியேற்றத்தார் கேப் காட் மீன்பிடி வருவாயைக் கொண்டு இலவசப் பள்ளிக்கூடம் நடத்த ஏற்பாடு செய்தனர். கடலின் செல்வம் குழந்தைகளின் கல்வியாக மாறிய அச்செய்தி, தோட்டப் பள்ளிகளுக்காக உழைத்த நம் மக்களுக்கு மகிழ்ச்சி தருவதாகும். ஆயினும் பேராசை ஓயவில்லை. 1980களின் தொடக்கத்தில் அவ்வினம் அழிவின் விளிம்பை எட்டிற்று. 1984இல் நாடளாவிய பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1985 முதல் 1990 வரை மேரிலாந்து மாநிலம் அம்மீனைப் பிடிப்பதையே முற்றிலும் தடுத்தது. 1995இல் இனம் மீண்டதென்று அறிவித்தனர். இக்கட்டுப்பாட்டுக்காக வாதாடியவர்களுள் தூண்டிற்காரர் பலர் இருந்தனர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. அவர்கள் அம்மீனை விரும்பியதாலேயே அதற்காக வாதாடினர்.

அதன் பிறகு நிகழ்ந்ததே நம்மைச் சிந்திக்கச் செய்கின்றது. 2019இல் வெளியான கணிப்பு, அம்மீன் மீண்டும் குறைந்துவிட்டதென்று கூறியது. 2017இல் மனிதரால் மடிந்த கோட்டுமீன்களுள் ஏறக்குறையப் பாதி, விளையாட்டுத் தூண்டிற்காரர் பிடித்துத் திரும்ப விட்டவையே! ஒவ்வொருவரும் தாம் கொல்லவில்லையென்றே எண்ணினர். ஒவ்வொருவரும் வாலசைத்து நீந்திப்போன மீனைத்தான் கண்டனர். காணாத இடத்தில் நூற்றுக்கு ஒன்பது மிதந்தது. கோடிக்கணக்கில் விட்டபோது அந்த ஒன்பது இலட்சக்கணக்காயிற்று.

இதில் தவறு விடுவதிலன்று. விடுவதைக் காட்டி எல்லையின்றிப் பிடிப்பதில்தான் உள்ளது. அளவில் சேராத மீனைச் சட்டப்படி விடுவது கடமை. ஆனால் 'விடத்தானே போகிறேன்' என்று பத்தாவது மீனுக்கும் இருபதாவது மீனுக்கும் கோலை வீசுவது, செய்த வருத்தத்துக்கு மன்னிப்பை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வதாகும். நம் ஊரிலும் இதற்கு ஒப்பானதொன்று உண்டு. கூண்டுப் பறவைகளை விலைக்கு வாங்கிப் பறக்கவிட்டுப் புண்ணியம் தேடுவோரை நாம் காண்கிறோம். விடுவிக்க வாங்குவோர் இருக்கும்வரை, பிடித்து விற்போரும் இருப்பர். விடுவிப்போன் நல்லெண்ணமுடையவனே, எனினும் அவன் நல்லெண்ணமே அடுத்த பறவைக்குக் கண்ணியாகின்றது.

ஆதலின் நாம் கண்ட முடிவு இதுதான். பசித்தவன் பிடித்துண்ணும் ஒரு மீனைவிட, மகிழ்ச்சிக்காகப் பிடித்து விட்ட 22 மீன் தூய்மையானது என்று சொல்வதற்கில்லை. நம் நண்பரின் தாய் வாய்க்கால் விராலைக் குழம்பாக்கினாரே, அதில் இதைவிடக் குறைந்த வருத்தமே இருந்தது. போதுமென்ற எல்லையும் இருந்தது. சட்டி நிறைந்ததும் தூண்டில் கூரையில் ஏறிற்று. விளையாட்டுக்கு அத்தகைய சட்டி இல்லை. ஆகையால் விளையாடுவோன் தானே ஓர் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும். உண்ணத்தக்க ஒன்றைப் பிடித்தால் அதனைக் கொண்டுபோய் உண்டு, அன்றைக்குக் கோலைச் சுருட்டிவிடலாம். உண்ண விருப்பமில்லையாயின், இத்தனைக்கு மேல் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, மிஞ்சிய பொழுதில் கடலைப் பார்த்து நிற்கலாம். அலையும் அந்தியும் தந்த இன்பத்துக்கு முள் எதற்கு?

இஃது எங்கோ அமெரிக்கக் கரையின் விவகாரம், நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். பகாங் மாநிலத்து ரொம்பின் கடலிலும் மயில்மீனைப் பிடித்து விடும் விளையாட்டுக்குப் படகேறுவோர் உண்டு. வருவாய் பெருகும்போது விடுமுறை பெருகும். நம் பிள்ளைகளும் அக்கோலை ஏந்துவர். அன்றியும், வருத்திவிட்டுப் பின் விட்டுவிட்டதற்காகப் பெருமை கொள்ளும் பழக்கம் மீனோடு நிற்பதன்று. வேலையாளை வைது நடுங்கச் செய்து, பின் 'போகட்டும், விட்டேன்' என்று சொல்லி, அவனிடமிருந்து நன்றியையும் எதிர்பார்க்கும் எஜமானரை நாம் அறியோமா?

நண்பரிடம் இதனையெல்லாம் கூறியபோது, அவர் நம் வாதம் முழுவதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மறு ஆண்டும் அக்கரைக்குப் போகத்தான் போகிறார். ஆனால் விடைபெறும்போது, "அம்மா இருந்திருந்தால், விராலைப் பிடித்து ஏனடா விட்டாய் என்று கேட்டிருப்பாள்" என்றார். அக்கேள்விக்கு விடை சொல்லக்கூடியவராய் அவர் கோலை எடுப்பாராயின், அதுவே போதுமானது.