பட்டியலும் மனசாட்சியும்

இன்னொருவர் எழுதித் தந்த பட்டியலைப் பார்த்து ஓட்டுப் போடுவது மனசாட்சியை அடகு வைப்பதாகுமா? கலிஃபோர்னியாவில் இது வெறும் தத்துவக் கேள்வி அல்ல. 1911இல் கிடைத்த உரிமையின்படி, அங்கே வாக்காளர்களே மனுச் செய்து சட்டங்களை ஓட்டுக்குக் கொண்டுவரலாம். 1988 நவம்பரில் மாநில அளவில் மட்டும் 29 பிரேரணைகள். உள்ளூர்ப் பிரேரணைகள் வேறு. எல்லாவற்றின் வாசகத்தையும் படித்துத் தீர்மானிப்பது வேலைக்குப் போகிறவர்களுக்குச் சாத்தியமில்லை. ஆகவே கட்சிகளும் தொழிற்சங்கங்களும் முற்போக்குக் குழுக்களும் 'இதற்கு ஆம், இதற்கு இல்லை' என்று பட்டியல் தருகின்றன.

இதை இழிவாகப் பேசுவது சுலபம். ஆனால் அந்த 1988 தேர்தலில் இன்ஷூரன்ஸ் பற்றி மட்டும் ஐந்து பிரேரணைகள் இருந்தன. அப்போது ஓட்டுப் போட்டவர்களை விசாரித்து ஆர்தர் லூபியா என்ற ஆய்வாளர் 1994இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். விவரம் அதிகம் தெரியாதவர்களும்கூட, இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிந்திருந்தால், விவரம் தெரிந்தவர்களைப் போலவே வாக்களித்திருந்தார்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்பதும் அறிவுதான்.

ஆனால் பட்டியலில் இடம் விலைக்கும் கிடைக்கும். தபாலில் வரும் பட்டியல்களில், பணம் கொடுத்து இடம்பெற்றவற்றுக்கு நட்சத்திரக் குறி இட வேண்டுமென்று அங்கே சட்டமே இருக்கிறது. பாங்கியில் நான் இனிஷியல் போட்ட வவுச்சரை நம்பித்தான் அதிகாரி கையெழுத்திடுகிறார். இந்த நம்பிக்கை இல்லாமல் கவுண்டர் ஒரு மணி நேரம்கூட நடக்காது. என்றாலும் நாளை கணக்குக் கேட்டால், கையெழுத்து அவருடையதுதான்.

இனி, மறுபக்கம். குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய உழைப்பை வாங்கலாம் என்று கலிஃபோர்னிய அரசியல் சட்டம் அனுமதிக்கிறது. அதை நீக்க 2024இல் 6ஆம் பிரேரணை வந்தது. முற்போக்குப் பட்டியல்கள் ஆதரித்தன. அரசு அனுப்பும் வாக்காளர் கையேட்டில் எதிர்த்து வாதிட ஒருவரும் முன்வரவில்லை. இருந்தும் ஏறக்குறைய 53 சதவீதத்தினர் நிராகரித்தார்கள். இங்கே அடையாளம் காட்ட ஒரு கம்பெனி இல்லை. கைதியின் உழைப்பு அவனுடையதா, அரசினுடையதா என்பது விவரத்தைப் பற்றிய கேள்வியே அல்ல. பட்டியல் 'ஆம்' என்று சொல்லலாம். ஆனால் திரைக்குப் பின்னால், ஒருவரும் பாராத இடத்தில் ஒவ்வொருவரும் தன் பதிலைத் தானே கண்டுகொள்ள வேண்டியிருந்தது.

யோசியாமல் போட்ட 'ஆம்' கிடைத்திருந்தால் அந்தக் கைதிக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. ஓட்டுப் போட்டவனின் ஆத்மசுத்தி அவனுக்குப் பொருட்டல்ல. இது வலுவான ஆட்சேபம், நான் இதைத் தள்ளிவிடவில்லை. ஆனால் கடன் வாங்கிய 'ஆம்' அடுத்த தேர்தலில் அதே சுலபத்தில் 'இல்லை'யாகும். அந்த உரிமை நிலைக்க வேண்டுமானால், அதை நம்புகிறவர்கள் வேண்டும்.

க. நா. சு.வின் பட்டியல்கள் மீது நம்மிடையே எழுந்த குற்றச்சாட்டும், அவர் காரணம் சொல்வதில்லை என்பதுதான். அவர் பெயரிட்ட புத்தகங்களைத் தேடிப் படித்துச் சண்டைக்குப் போனவர்களுக்கு அந்தப் பட்டியல் பயன்பட்டது. படிக்காமல் ஒப்பித்தவர்களுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. அரசியல் பட்டியலும் காரணத்தையும், பணம் வந்த வழியையும், தன் சந்தேகத்தையும் சேர்த்துச் சொல்லட்டும். அப்போது அதோடு முரண்படவாவது நம்மால் முடியும்.