ஸ்பிறிங் வைத்த துடுப்பு

2003 மார்ச் 23ஆம் திகதி ஜொஹன்னஸ்பேர்க்கில் நடந்த உலகக்கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவுக்கு எதிராக றிக்கி பொண்ரிங் ஆட்டமிழக்காமல் 140 ஓட்டங்கள் எடுத்தார். அதன் பிறகு ஒரு கதை கிளம்பியது. அவருடைய துடுப்புக்குள் ஸ்பிறிங் வைத்திருந்தார்களாம், அதைக் கண்டுபிடித்துவிட்டார்களாம், இறுதியாட்டத்தை மறுபடியும் நடத்தப் போகிறார்களாம். இந்தியாவில் பள்ளிக்கூடங்களிலும் தேநீர்க்கடைகளிலும் பரவிய இந்தக் கதை லண்டனில் எங்கள் காதுகளுக்கும் வந்து சேர்ந்தது. ஆட்டம் மறுபடி நடக்கவில்லை. ஸ்பிறிங்கும் இருக்கவில்லை. ஆனாலும் இன்றைக்கும் அதை நம்புகிறவர்களைக் காண்கிறோம்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் கதையை நம்பியவர்களும் நம்பாதவர்களும் ஒரு விடயத்தில் ஒத்துப்போனார்கள்: ஸ்பிறிங் இருந்திருந்தால் அது அநியாயம். ஏன் அநியாயம் என்று யாரும் கேட்கவில்லை. கலப்பையைத் திருத்தியவனையும் தையல் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவனையும் நாம் போற்றுகிறோம். துடுப்பு மட்டும் ஏன் ஒரு அளவுக்கு மேலே நல்லதாக இருக்கக்கூடாது?

இத்தனைக்கும், துடுப்புக்குள் ஸ்பிறிங் ஏற்கெனவே இருக்கிறது. அலகு வில்லோ மரம். இந்த நாட்டில் எசெக்ஸ் பக்கத்தில் ஈரநிலங்களில் வளர்த்து, பதினைந்து இருபது வருடங்கள் பொறுத்துத் தறிப்பார்கள். பிளந்து, உலர்த்தி, உருளைகளுக்கிடையே அழுத்தி, ஆளிவிதை எண்ணெய் பூசி, மரச்சுத்தியலால் மணிக்கணக்காகத் தட்டி, மென்மையான அந்த மரத்தின் முகத்தை இறுக்குகிறார்கள். கைப்பிடி தென்கிழக்காசியப் பிரம்பு. பிரம்புக் கீற்றுகளுக்கிடையே இறப்பர் பட்டிகள் வைத்து ஒட்டியிருக்கும். பந்து மோதும் அதிர்ச்சியை அவை வாங்கிக்கொள்ளும். துடுப்புச் செய்கிறவர்கள் அந்தப் பட்டிகளுக்கு வைத்த பெயரே ஸ்பிறிங்தான். அலகையும் பிடியையும் ஆப்பு வடிவில் பொருத்துகிற முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. அதைக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் சாள்ஸ் றிச்சாட்சன், செவேர்ன் ஆற்றின் கீழே புகையிரதச் சுரங்கம் தோண்டியதில் பங்குகொண்ட பொறியியலாளர். ஆக, கைப்பிடியில் இறப்பர் இருந்தால் கைவினை, அலகில் உருக்கு இருந்தால் களவு. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே ஓடுகிறது?

கோட்டைக் கொஞ்ச நேரம் அழித்துப் பார்ப்போம். விதியே இல்லை, எந்தப் பொருளிலும் எந்த வடிவிலும் துடுப்புச் செய்யலாம் என்று வைத்துக்கொள்வோம். எதைச் செய்வோம்?

முதலில் அகலம். மூன்று விக்கற் கம்புகளும் சேர்ந்து 22.86 சென்ரிமீற்றர் அகலம். இன்றைய துடுப்பு 10.8 சென்ரிமீற்றருக்கு மேலே போகக்கூடாது. கார்பன் நார் கொண்டு கம்புகளின் அகலத்துக்கே ஒரு பலகை செய்தால் அது கனக்காது. அதைத் தரையில் ஊன்றி நின்றால் போதும், எந்தப் பந்தும் விக்கற்றை அசைக்காது. ஐந்து நாள் ஆட்டத்தைச் சமநிலையில் முடிக்க வேண்டியவனுக்கு இதைவிட நல்ல துடுப்பு இல்லை.

அடித்து ஆட வேண்டியவனுக்கு இது குப்பை. அவனுக்கு வேறொன்று வேண்டும். பந்து விறைப்பான பொருளில் மோதும்போது நசுங்குகிறது. அதன் சக்தியில் பெரும் பங்கு அந்த நசுங்கலிலே வீணாகிறது. துடுப்பின் முகம் தானும் கொஞ்சம் உள்வாங்கித் திரும்ப உதைத்தால் பந்து குறைவாக நசுங்கும், வேகமாகப் பறக்கும். அமெரிக்காவில் உள்ளே குழலான அலுமினியத் தடிகளால் பேஸ்போல் ஆடியவர்கள் இதைக் கண்டார்கள். அங்கே கல்லூரி ஆட்டங்களில் தடியின் உதைப்புக்கு 2011 இல் புதிய கட்டுப்பாடு கொண்டுவர வேண்டி வந்தது. இந்த வழியிலே போனால் கடைசியில் ரெனிஸ் மட்டைபோல நரம்பு கட்டிய ஒன்றில் போய் நிற்போம். அதுதான் பொண்ரிங்கின் ஸ்பிறிங்.

ஆக, ஒன்று கேட்ட இடத்தில் இரண்டு உச்சத் துடுப்புகள் கிடைக்கின்றன, ஒன்றுக்கொன்று நேர் எதிராக. இது வெறும் கற்பனையுமல்ல. 2010 ஐ.பி.எல். போட்டிகளில் சென்னை அணிக்காக ஆடிய மத்தியூ ஹெய்டன், குட்டை அலகும் நீளக் கைப்பிடியும் கொண்ட மொங்கூஸ் என்ற துடுப்பைக் கொண்டுவந்தார். விதிக்குள் அடங்கிய துடுப்புத்தான். டெல்லிக்கு எதிராக 43 பந்துகளில் 93 ஓட்டங்கள் எடுத்தார். ஆனால் உயர்ந்து வரும் பந்தைத் தடுக்க அதில் அலகு போதாது. ஆட்டத்தின் நடுவே துடுப்பை மாற்றி மாற்றித்தான் அவர் ஆடினார்.

‘மிகச் சிறந்தது’ என்ற சொல்லின் கீழே ‘எதற்கு?’ என்ற கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் சொல்வது ஆட்டம். ஆட்டம் என்பதோ விதிகளால் ஆனது. விதியை எடுத்துவிட்டு உச்சத் துடுப்பைத் தேடுகிறவனுக்கு, தான் எதை அடிக்கப் போகிறோம் என்பதே தெரியாமல் போய்விடும். நரம்புத் துடுப்பு வந்தால், பதினெட்டு மீற்றர் தொலைவில் வெறுங்கையோடு நிற்கும் பந்துவீச்சாளன் என்ன செய்வான்? தலைக்கவசம் போடுவான். பிறகு பந்தை மாற்றச் சொல்வான். அவனுக்கு மட்டும் ஏன் விதி என்பான். நியாயமான கேள்வி.

இந்த இடம் வரைக்கும் ஒருமுறை உண்மையாகவே வந்திருக்கிறார்கள். 1771 செப்ரெம்பரில், இங்கிலாந்தின் சேர்ட்சி அணிக்கும் ஹம்பிள்டன் அணிக்கும் நடந்த ஆட்டத்தில் வைற் என்பவர் விக்கற் அளவு அகலமான துடுப்போடு ஆட வந்தார். அந்தக் காலத்து விக்கற் இரண்டே கம்புகள், இன்றையதைவிட ஒடுக்கமானது. அவரைத் தடுக்க அன்று ஒரு விதியும் இருக்கவில்லை. ஹம்பிள்டன்காரர் ஆட்டத்துக்குப் பிறகு ஒரு தாளில், துடுப்பின் அகலம் நாலேகால் அங்குலத்துக்கு மேலே போகக்கூடாது என்று எழுதி மூன்று பேர் கையெழுத்திட்டார்கள். 1774 இல் லண்டன் பால் மால் தெருவில் ஒரு விடுதியில் கூடித் திருத்திய சட்டங்களில் அது சேர்ந்தது. அந்த நாலேகால் அங்குலம்தான் இன்றைய 10.8 சென்ரிமீற்றர்.

கையெழுத்திட்ட மூவரில் ஜோன் ஸ்மோல் என்பவர் துடுப்புச் செய்து விற்கிறவர். வைற்றின் துடுப்பைப் பார்த்துவிட்டு அதைவிட அகலமாக ஒன்று செய்து விற்றிருக்கலாம் அவர். செய்யவில்லை. தன் கையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். பலன் அவருக்கே வந்தது: 1775 இல் லண்டன் ஆட்டிலறி மைதானத்தில் லம்பி ஸ்ரீவன்ஸ் வீசிய பந்துகள் ஸ்மோலின் துடுப்பைத் தாண்டி, இரண்டு கம்புகளுக்கும் நடுவே விக்கற்றைத் தொடாமல் மீண்டும் மீண்டும் போயின. இப்போது அது பந்துவீச்சாளனுக்கு அநியாயம் என்று பட்டது. மூன்றாவது கம்பு வந்தது.

இதுவரை கதை அழகாயிருக்கிறது. ஒருவரையொருவர் எதிர்த்து ஆடியவர்கள் தங்களுக்கென்று எழுதிக்கொண்ட விதிகள் இவை. பிறகு விதி எழுதும் இடமும் ஆடும் இடமும் விலகின. 1787 இல் தோன்றிய எம்.சி.சி. என்ற தனியார் கழகம் கிறிக்கெற்றின் சட்டங்களுக்குப் பொறுப்பேற்றது. இன்றைக்கும் சட்டங்களின் பதிப்புரிமை, சென் ஜோன்ஸ் வூட்டில் லோர்ட்ஸ் மைதானத்தை வைத்திருக்கும் அந்தக் கழகத்துக்கே.

1979 டிசம்பரில் பேர்த்தில் டெனிஸ் லிலி அலுமினியத் துடுப்போடு வந்தது பலருக்கு நினைவிருக்கும். இங்கிலாந்து அணித்தலைவர் மைக் பிறியர்லி, பந்து பழுதாகிறது என்று முறையிட்டார். லிலி கடைசியில் துடுப்பைத் தூக்கி எறிந்தார். இதில் வேடிக்கை, அந்தத் துடுப்பு ஒன்றும் அசுரத் துடுப்பல்ல. மரத் துடுப்பென்றால் நாலு ஓட்டத்துக்குப் போயிருக்கும், மூன்றோடு நின்றுவிட்டதே என்று லிலியின் சொந்த அணித்தலைவர் கிறெக் சப்பலே நினைத்தாராம். பள்ளிக்கூடங்களுக்கும் சிறு கழகங்களுக்கும் மலிவாகக் கொடுக்கவென்று செய்த துடுப்பு அது. அலகு மரமாகவே இருக்கவேண்டும் என்று பிறகு சட்டம் எழுதினார்கள்.

2021 இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆய்வாளர்கள் மூங்கிலில் துடுப்புச் செய்து காட்டினார்கள். வில்லோவைவிட உறுதி, விறைப்பு. முதல் மாதிரி கொஞ்சம் கனம். மூங்கில் விரைவாக வளரும், ஏழை நாடுகளில் மலிவாகக் கிடைக்கும் என்பதே அவர்கள் சொன்ன முக்கிய காரணம். எம்.சி.சி. பதில் சொன்னது: மூங்கில் புல் வகை, சட்டம் மரம் என்கிறது, ஆகவே இப்போதைக்கு ஆகாது. அலுமினியத்தைத் தடுக்க எழுதிய சொல், நாற்பது வருடம் கழித்து ஒரு புல்லைப் பிடித்துக்கொண்டது. இரண்டு தடவையும் அகப்பட்டது மலிவான துடுப்பு. எசெக்ஸ் வில்லோவில் செய்த விலையுயர்ந்த துடுப்புகளோ விதிக்குள் நின்றபடியே தடித்துக்கொண்டு போயின. 2017 ஒக்ரோபர் 1 முதல்தான் விளிம்பு 40 மில்லிமீற்றர், பருமன் 67 மில்லிமீற்றர் என்று எல்லை வந்தது. அதைப் பரிந்துரைத்த குழுவின் தலைவர் அதே மைக் பிறியர்லி. குழுவில் றிக்கி பொண்ரிங்கும் இருந்தார். ஸ்பிறிங் கதையைப் பரப்பியவர்களுக்கு இது தெரிந்தால் என்ன சொல்வார்களோ.

இதை வெள்ளைக்காரனின் சூது என்று முடித்துவிடுவது எங்களுக்கு இலகு. ஆனால் மூங்கிலுக்கு அந்தப் பதில் சொன்ன நேரத்தில் எம்.சி.சி.யின் தலைவராக இருந்தவர் கண்டியில் படித்த குமார் சங்கக்கார. நாற்காலியில் யார் இருக்கிறார் என்பதைவிட, அந்த அறைக்குள் மலிவான துடுப்புக்காரன் பக்கத்துக் கையெழுத்து இருக்கிறதா என்பதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. 1771 இன் தாளில் துடுப்புச் செய்கிறவன் இருந்தான்.

துடுப்பு விதி இல்லாத கிறிக்கெற் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்ய இவ்வளவு பாடுபட்டோமே, நாங்கள் அதை ஆடியிருக்கிறோம். யாழ்ப்பாணத்தின் ஒழுங்கைகளில் தென்னை மட்டையைச் செதுக்கிப் பிடி வைத்தோம். கிடைக்காத நாளில் வேலிக்குப் போட்ட பலகை. தமிழ்நாட்டில் துடுப்பையே மட்டை என்கிறார்கள். எங்களுக்கு அது சொல்லளவில் அல்ல, பொருளளவிலும் மட்டைதான். எம்.சி.சி.யின் தருக்கப்படி பார்த்தால் தென்னையும் மூங்கிலோடுதான் போக வேண்டும். அலகுக்கு ஆகாது. ஆனால் பிரம்பும் தென்னையின் குடும்பம்தான். கைப்பிடியில் அது லோர்ட்ஸ் மைதானம் வரை போயிருக்கிறது.

அந்த ஒழுங்கைகளில் எவனும் உச்சத் துடுப்பைச் செய்யவில்லை. ஏன் என்று இப்போது யோசித்தால் இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று, வேலிக்கு மேலால் அடித்தால் அவுட். பக்கத்து வளவுக்காரரின் ஏச்சுக்குப் பயந்து வந்த சட்டம். எவ்வளவு பலமான மட்டை வைத்திருந்தாலும் அந்தப் பலத்தால் பயனில்லை. மற்றது, இரண்டு பகுதிக்கும் ஒரே மட்டை. நான் அவுட்டானால் அதே மட்டையை எதிரியின் கையில் கொடுக்கவேண்டும். அது எவ்வளவு நல்லதாயிருந்தாலும் அவனுக்கும் அவ்வளவு நல்லது. அகலத்தை அளக்க இரும்புச் சட்டம் எதற்கு? பொண்ரிங்கின் துடுப்பில் உண்மையாகவே ஸ்பிறிங் இருந்து, அன்றைக்கு இந்தியர்களும் அதே துடுப்பால் ஆடியிருந்தால், யாருக்கும் கோபம் வந்திராது.

துடுப்பின் வடிவத்துக்கு விதி தேவைப்படுவது, ஆளுக்கொரு துடுப்பு என்று ஆனபிறகுதான். இன்று லண்டனில் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் கோடையில் நடத்தும் ஆட்டங்களில் ஐந்நூறு பவுண் துடுப்போடு வருகிற பெடியனும் இருக்கிறான், தகப்பன் இரண்டு வேலை பார்த்தும் நாற்பது பவுண் காஷ்மீர் வில்லோவோடு வருகிறவனும் இருக்கிறான். இரண்டும் எம்.சி.சி.யின் அளவுச் சட்டத்துக்குள் நுழைந்துவிடும். அந்தச் சட்டம் விலையை அளக்காது. ஆட்டத்துக்கு இரண்டு துடுப்பைச் சங்கமே கொண்டுவரட்டும், இரண்டு அணியும் அவற்றாலேயே ஆடட்டும் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரிந்தும், நாங்கள் சொல்கிறோம்.

இதில் ஒரு சிக்கல் இருப்பதும் எங்களுக்குத் தெரியும். ஒழுங்கையில் சில வேளை ஒருவன் வீட்டில் கடைத் துடுப்பு ஒன்று இருக்கும். அன்றைக்கு எல்லோரும் அதால்தான் ஆடுவோம். முதலில் ஆடுபவன் அவன். எல்.பி.டபிள்யூ. அவனுக்கு மட்டும் கிடையாது. கம்பு பறந்தாலும் ‘நோ போல்’ என்பான், ஒத்துக்கொள்வோம். ஒத்துக்கொள்ளாத நாளில் துடுப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். நாங்கள் தென்னை மட்டை தேடிப் போவோம்.